அளக்காத அறை

வீட்டம்மா போன வாரம்தான் ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பினாள். மகன் ஒரு கையும் மருமகள் ஒரு கையுமாகப் பிடித்துக் கூட்டி வந்து, வீட்டின் நல்ல அறைகளையெல்லாம் தாண்டி, சமையலறைக்குப் பின்னால் இருக்கிற சாமான் அறையில் அவளைப் படுக்க வைத்தார்கள். அவளும் படுத்துக்கொண்டாள். டாக்டர் சொல்லி அனுப்பியது ஒன்றுதான். "ரொம்பச் சூடும் ஆகாது, ரொம்பக் குளிரும் ஆகாது, ஈரம் சுத்தமா ஆகாது. படுக்கிற ரூம் ஒரே மாதிரி இருக்கணும். மறுபடி இப்படி மூச்சு முட்டித் தூக்கிட்டு வந்தீங்கன்னா, அப்புறம் என்னைக் கேக்காதீங்க."

அதனால் வீட்டுக்கு மெஷின் வாங்குகிறார்கள். வெயில் காலத்தில் குளிர வைக்கும், குளிர் காலத்தில் சூடாக்கும். வீடு முழுக்க ஒரே மெஷின்.

வாங்குவது என்று வந்துவிட்டால் தன்னை மிஞ்ச ஆளில்லை என்பது வீட்டம்மாவின் புருஷன், கடைக்காரரின் நினைப்பு. பழைய மரச் சாமான் கடை வைத்து ஆயுசு முழுக்கப் பிழைத்தவர். ஒட்டுப் பலகைக்கு வார்னிஷ் அடித்துத் தேக்கு என்று விற்றவர். ஆடுகிற நாற்காலியை, அது ஆடாத இடமாகப் பார்த்துப் போட்டு விற்றவர். விற்கிறவன் எல்லாம் திருடன் என்று அடித்துச் சொல்வார். அவர் சொன்னால் நம்பலாம், தன்னைப் பார்த்துத்தானே சொல்கிறார்.

காலையில் காபியைக் குடித்துக்கொண்டே வீட்டுக்குப் பாடம் எடுத்தார்.

"நல்லாக் கேட்டுக்கோங்க. வர்றவன் வாயில நுழையாத வார்த்தையா எடுத்து விடுவான். ஒருத்தரும் அர்த்தம் கேக்கக் கூடாது. என் கடையில எவன் வந்து 'இது என்ன மரம்'னு கேட்டானோ, அவன் தலையிலதான் கட்டியிருக்கேன். தெரிஞ்ச மாதிரி தலையாட்டுங்க. பயப்படுவான்."

"நிஜமாவே தெரியலன்னா என்ன மாமா பண்றது?" என்றாள் மருமகள்.

"இன்னும் வேகமா ஆட்டு."

மகன் சிரித்தான். அவனுக்கு வீட்டில் வைத்த பெயர் மேனேஜர். ஆபீசில் அவனுக்குக் கீழே இருப்பது அவன் உட்காருகிற நாற்காலி மட்டும்தான். ஆனால் பேச்சில் ஒரு கம்பெனியே நடக்கும்.

"ரெண்டாவது. எதுக்கு வாங்குறோம்னு விக்கிறவனுக்குத் தெரியவே கூடாது. உடம்பு சரியில்லாத ஆள் இருக்குன்னு தெரிஞ்சுதுன்னு வை, அதோட முடிஞ்சுது. கழுத்தைப் பிடிச்சுத் தொங்குவான்."

"அத்தைக்காகத்தானே மாமா வாங்குறோம்?"

"அதத்தாம்மா சொல்லாதேங்கிறேன். பின் ரூமைப் பத்தி யாரும் மூச்சு விடக் கூடாது. கதவு சாத்தியே இருக்கட்டும். அளந்தாத்தானே அவன் துட்டு கேப்பான்? அளக்காம விட்டா எப்படிக் கேப்பான்? எல்லாத்தையும் மாட்டிட்டுப் போகட்டும். அப்புறம் நாம கதவைத் தொறந்து விட்டா காத்து தானாப் போகுது. காத்துக்கு என்ன, விலாசமா எழுதி ஒட்டணும்?"

"கரெக்ட்ப்பா," என்றான் மேனேஜர். "போன்லயே நான் ஸ்டோர் ரூம்னுதான் சொல்லி வெச்சிருக்கேன்."

சொல்லாமல் என்ன செய்வான்? அம்மா படுத்திருந்த அறையைத் தற்காலிகமாக என்று கேட்டு வாங்கி, கம்ப்யூட்டரும் சுழல் நாற்காலியும் போட்டு உட்கார்ந்தவன் அவன். வருஷங்கள் போய்விட்டன. தற்காலிகம் மட்டும் போகவில்லை. கடைக்காரர் ஹாலில் தன் பெரிய கட்டிலில் படுத்துக்கொண்டு, இதில் தனக்குச் சம்பந்தமே இல்லாதது போல இருந்துவிட்டார். பின்னறை என்றால் விற்காமல் போன பீரோக்களும் கால் உடைந்த மேசைகளும் அடைந்து கிடக்கிற பொந்து. ஜன்னல் கிடையாது. கூரை ஓரத்தில் ஒரு கை நுழைகிற அளவுக்கு ஓட்டை. பீரோக்களுக்கு நடுவே ஒரு மடக்குக் கட்டில். அதில்தான் வீட்டம்மா.

கடைக்காரர் கதவைத் திறந்து தலையை மட்டும் உள்ளே நீட்டினார்.

"இன்னிக்கு ஆள் வர்றான். அவன் இருக்கிற வரைக்கும் இருமாத."

"இருமல் என்னங்க, என்னைக் கேட்டுக்கிட்டா வருது?"

"வந்தா தலகாணிய வெச்சு அமுக்கிக்கோ. எல்லாம் உனக்காகத்தான்."

வீட்டம்மா தலையணையைக் கையில் எடுத்துக்கொண்டாள். "சரிங்க," என்றாள்.

வந்தவன் டை கட்டியிருந்தான். கடைக்காரருக்கு அது போதும். கழுத்தில் துணி கட்டிக்கொண்டு வருகிறவன் கழுத்தறுக்கத்தான் வருகிறான் என்று முடிவு கட்டி, அந்த நிமிஷமே அவனுக்கு டைக்காரன் என்று பெயர் வைத்துவிட்டார். வயது மகனைவிடக் குறைவாகத்தான் இருக்கும். ஷூவை வாசலில் கழற்றிவிட்டு வந்தான். ஒரு சாக்ஸில் கட்டைவிரல் எட்டிப் பார்த்தது. 'வேஷம் பாதியில் நிற்கிறது,' என்று கடைக்காரர் மூக்கால் சிரித்தார்.

டைக்காரன் உட்கார்ந்ததுமே ஆரம்பித்தான். டன் என்றான், பி.டி.யு. என்றான். ஹீட் பம்ப், இன்வெர்ட்டர், டக்ட், ரிட்டர்ன், ஜோன், தெர்மோஸ்டாட். ஒவ்வொரு வார்த்தைக்கும் மேனேஜர் "ஆங்... ஆங்..." என்று தலையாட்டினான். கடைக்காரர் கண்ணை மூடிக்கொண்டு, இதெல்லாம் பிறக்கும்போதே தெரியும் என்பது போல உம் கொட்டினார்.

"ஹீட் பம்ப்தான் சார் உங்களுக்குச் சரி. இன்வெர்ட்டரோட."

"இன்வெர்ட்டர் இல்லாம என்ன," என்றான் மேனேஜர். "பேட்டரி எங்க வைப்பீங்க?"

"இது கரண்ட் போனா லைட் எரியவைக்கிற இன்வெர்ட்டர் இல்ல சார்."

"தெரியும், தெரியும். சும்மா கேட்டேன்."

கடைக்காரர் மகனை ஓரக்கண்ணால் பார்த்தார். கேள்வி கேட்காதே என்றால் கேட்கவும் செய்கிறான். கேட்பதையும் உருப்படியாகக் கேட்கத் துப்பில்லை.

"எத்தனை டன்?" என்றார் அவரே, மிரட்டலாக.

"அது லோடு போட்டுப் பாத்தாத்தான் சார் தெரியும். ரூம் ரூமா அளக்கணும். ஜன்னல், வெயில் விழுற பக்கம், எத்தனை பேர் படுக்கிறீங்க..."

"இருக்கிறதுலயே பெருசாப் போடு. சின்னதைக் கட்டிட்டு அப்புறம் பெருசு வேணும்னு வந்து நிக்கிற வேலையெல்லாம் எங்கிட்ட நடக்காது."

"பெருசு போட்டாத் தப்பு சார்."

கடைக்காரருக்கே ஆச்சரியமாக இருந்தது. பெரியதை வேண்டாம் என்கிற விற்பனைக்காரனை அவர் பார்த்ததில்லை. ஆகவே இது இன்னும் பெரிய திருட்டு என்று புரிந்துகொண்டார்.

அளந்தார்கள். டைக்காரன் நாடாவை நீட்ட, மேனேஜர் முன்னால் போய்க் கதவுகளைத் திறந்துவிட்டான். ஹால். முன்னறை. கம்ப்யூட்டர் அறைக்கு வந்ததும், "இது அப்பா அம்மா படுக்கிற ரூம்," என்றான் மேனேஜர், முகத்தில் ஒரு சுருக்கம் கூட இல்லாமல்.

டைக்காரன் சுழல் நாற்காலியைப் பார்த்தான். மேசையைப் பார்த்தான். கட்டிலைத் தேடினான். இல்லை. தோளைக் குலுக்கிக்கொண்டு குறித்துக்கொண்டான்.

"அம்மா வீட்ல இல்லைங்களா?"

"வெளியூர்," என்றார் கடைக்காரர்.

"வயசானவங்க இருக்கிற வீடுன்னா கேக்கணும் சார். யாருக்காவது உடம்புக்கு ஏதாவது...?"

"எல்லாரும் கல்லு மாதிரி இருக்கோம். நீ உன் வேலையைப் பாரு."

சமையலறையைத் தாண்டினார்கள். சாத்தியிருந்த கதவுக்கு முன்னால் டைக்காரன் நின்றான்.

"ஸ்டோர்," என்றான் மேனேஜர்.

"பழைய பீரோ," என்றார் கடைக்காரர். "காத்து வாங்கி அதுங்க என்ன பண்ணப் போகுது?"

மருமகள் அடுப்பு மேடையில் சாய்ந்து நின்றிருந்தாள். காலையிலிருந்து வேகமாகத் தலையாட்டிக் கழுத்து வலித்ததோ என்னவோ, வாயைத் திறந்தாள்.

"ரிட்டர்ன்னு சொன்னீங்களே, அது என்னதுங்க?"

"ஏய், அதெல்லாம் அப்புறம் நான் சொல்றேன்," என்றான் மேனேஜர்.

"உங்களுக்குத் தெரியுமா?"

மேனேஜர் செல்போனை எடுத்துப் பார்த்தான். டைக்காரனுக்கோ யாரோ ஒருவர் கேட்டுவிட்டார்களே என்று உயிர் வந்தது.

"ஒரு ரூமுக்குள்ள காத்தைத் தள்ளினா, அது திரும்பி மெஷினுக்கு வர ஒரு வழி வேணும் மேடம். அதான் ரிட்டர்ன். வழி இல்லாத ரூம்ல காத்து போய் முட்டிக்கிட்டு நிக்கும். புதுக் காத்து உள்ளயே போகாது."

"கதவைத் தொறந்து வெச்சா?"

"ஏதோ கொஞ்சம் எட்டிப் பாக்கும். அவ்வளவுதான். அளக்காத ரூம் இந்தக் கணக்குலயே இல்ல மேடம். பின்னால சேக்கணும்னா குழாய் மாறும், மெஷினே மாறும்."

பொய் சொல்கிறான், கூட ஒரு அறையையும் தலையில் கட்டப் பார்க்கிறான் என்று கடைக்காரர் தனக்குள் சொல்லிக்கொண்டார். அந்த நேரத்தில்தான் கதவுக்கு உள்ளே இருந்து அது வந்தது. முதலில் தலையணைக்குள் புதைந்த ஒரு முக்கல். அப்புறம் தலையணையையும் மீறிக்கொண்டு, நெஞ்சைப் பிய்த்துக்கொண்டு வருகிற இருமல். நிற்காத இருமல்.

டைக்காரன் நாடாவைச் சுருட்டினான். "உள்ள யாரு சார்?"

நல்ல மனுஷனாக இருந்தால் அந்த இடத்திலாவது உண்மை வந்திருக்கும். கடைக்காரர் வாயிலிருந்து வந்தது வார்னிஷ்.

"வேலை செய்யுற அம்மா. சாமான் தொடைக்குது. தூசி."

மருமகள் கையில் இருந்த கரண்டி மேடையில் விழுந்தது. மேனேஜர் கூரையை ஆராய்ச்சி செய்தான்.

இருமல் அடங்கியது. கட்டில் முனகியது. கதவு திறந்தது. வீட்டம்மா வந்து நின்றாள். முகம் சிவந்து, கண்ணில் நீர் கோத்து, கையில் ஒரு பழந்துணி.

"தொடைச்சாச்சுங்க ஐயா," என்றாள் கடைக்காரரிடம்.

இத்தனை காலத்தில் அவள் அவரை 'ஏங்க' என்பதைத் தவிர வேறு எதுவும் சொல்லிக் கூப்பிட்டதில்லை. ஐயா என்று இவ்வளவு பணிவாக அவரை யாருமே கூப்பிட்டதில்லை.

"பாத்தும்மா, தூசியில நிக்காதீங்க," என்றான் டைக்காரன். "இந்த இருமலுக்கு டாக்டரைப் பாத்தீங்களா?"

"பாத்தேன் தம்பி. ஏன் தம்பி, நான் ஒண்ணு கேக்கலாமா? வீட்டுக்காரங்களுக்கெல்லாம் எல்லாம் தெரியும். எனக்குத்தான் ஒண்ணும் தெரியாது."

"கேளுங்கம்மா."

அவள் சமையலறை முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். வேலைக்காரியாக இருப்பதில் ஒரு வசதி, மானம் போய்விடும் என்கிற பயம் கிடையாது.

"டன்னுன்னா என்ன, அந்த மெஷினோட எடையா?"

"இல்லம்மா. மணிக்கு எவ்வளவு சூட்டை வீட்டுலருந்து அள்ளி வெளிய போடும்னு ஒரு அளவு. பி.டி.யு.வும் அதே அளவுதான், சின்னச் சின்னதா எண்ணுறது."

"ஹீட் பம்ப்புன்னா அடுப்பா?"

"அடுப்பே கிடையாதும்மா. அது சூட்டை உண்டாக்காது. ஒரு இடத்துலருந்து எடுத்து இன்னொரு இடத்துல போடும். வெயில் காலத்துல உள்ள இருக்கிறதை வெளிய தள்ளும். குளிர் காலத்துல வெளிய இருக்கிற கொஞ்சநஞ்சத்தைச் சுரண்டி உள்ள கொண்டு வரும்."

"புதுசா ஒண்ணும் பண்ணாது. இங்க கிடக்கிறதை அங்க, அங்க கிடக்கிறதை இங்க." அவள் கடைக்காரரை ஒரு பார்வை பார்த்தாள். "நம்ம ஐயா வியாபாரம் மாதிரி."

மருமகள் புறங்கையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"இன்வெர்ட்டர் எதுக்கு தம்பி?"

"அது இல்லாத மெஷின் முழு வேகத்துல ஓடும், நிக்கும், மறுபடி ஓடும். இது தேவைக்கு ஏத்த மாதிரி மெதுவா ஓடிக்கிட்டே இருக்கும். ரூம் ஒரே மாதிரி இருக்கும்."

"பெருசு போட்டாத் தப்புன்னீங்களே? எனக்கு உள்ள கேட்டுது."

"பெருசுன்னா சட்டுன்னு குளுத்திட்டு நின்னுடும்மா. ஓடுனாத்தானே காத்துல இருக்கிற ஈரத்தை எடுக்கும்? ரூம் குளுகுளுன்னு இருக்கும், ஆனா ஈரம் அப்படியே நிக்கும். உங்கள மாதிரி நெஞ்சு சரியில்லாதவங்களுக்கு அது ஆகவே ஆகாது."

கடைக்காரர் மனதுக்குள் ஒவ்வொன்றாக எண்ணினார். இருக்கிறதிலேயே பெரியது. அளக்காத அறை. திரும்ப வழியில்லாத காற்று. காலையிலிருந்து தான் பார்த்துப் பார்த்துச் செய்த சாமர்த்தியம் எல்லாம் சேர்ந்து எங்கே போய் நிற்கிறது என்பது அவருக்கு இப்போதுதான் உறைத்தது. தன்னைத் தவிர வேறு யாரும் இந்த வேலையைச் செய்திருக்க முடியாது. அத்தனை கெட்டிக்காரன் ஊரில் வேறு எவனும் இல்லை.

"ஆமா, நீங்க தங்குறது எங்கம்மா?" என்று டைக்காரன் சாதாரணமாகக் கேட்டான்.

"இங்கதான், இந்த ரூம்ல. பீரோவோட பீரோவா."

டைக்காரன் உள்ளே எட்டிப் பார்த்தான். மடக்குக் கட்டிலையும் கூரை ஓட்டையையும் பார்த்தான். திரும்பியபோது அவன் முகத்தில் இருந்ததைக் கடைக்காரருக்கு நன்றாகவே தெரியும். எல்லாரையும் பார்க்கும்போது தன் முகத்தில் இருப்பது அதுதான். அதை எதிரில் வைத்துப் பார்ப்பது இதுவே முதல் தடவை.

"இதுலயா சார் ஒரு ஆளைப் படுக்க வைக்கிறீங்க?"

மேனேஜர் மறுபடி கூரையைப் பார்த்தான்.

"தப்பா நினைச்சுக்காதீங்கம்மா," என்றான் டைக்காரன், குரலைத் தணித்து. "எங்க அம்மாவுக்குத் துணைக்கு ஒரு ஆள் தேடிக்கிட்டிருக்கோம். பெரிய வேலை ஒண்ணும் இல்ல. கூட இருந்து பேசிக்கிட்டிருந்தாப் போதும். தனி ரூம், ரெண்டு பக்கமும் ஜன்னல். இவங்களுக்கு ஆட்சேபணை இல்லன்னா..."

"அந்த ரூமுக்கு ரிட்டர்ன் இருக்கா தம்பி?"

"இருக்கும்மா," என்று சிரித்தான் அவன். "நானே போட்டது."

"இருங்க, இருங்க," என்று பாய்ந்தார் கடைக்காரர். "நாடாவை எடு. இந்த ரூமை அள."

"ஸ்டோரையா சார்?"

"அளன்னா அள!"

டைக்காரன் பெருமூச்சு விட்டான். நாடாவின் முனையை அவர் கையில் கொடுத்தான். "அந்த மூலைல, சுவரோட ஒட்டி, அசையாமப் பிடிங்க."

கடைக்காரர் பீரோக்களுக்கு நடுவே நுழைந்து, மூலையில் குனிந்து, நாடாவைச் சுவரில் அழுத்திப் பிடித்தார். உள்ளே மூச்சு முட்டியது. இதற்குள்ளா இவ்வளவு காலம் படுத்துக் கிடந்தாள்?

"யார் படுக்கப் போறாங்க சார்? குறிச்சுக்கணும்."

கடைக்காரர் சுவரைப் பார்த்தே சொன்னார். "என் பொண்டாட்டி. அதோ நிக்கிறாளே, அவதான் என் பொண்டாட்டி."

டைக்காரன் வீட்டம்மாவைத் திரும்பிப் பார்த்தான். அவள் பழந்துணியை நான்காக மடித்துக்கொண்டிருந்தாள்.

"என்னையா சொல்றாரு?" என்றாள். "ஐயாவோட சம்சாரம் வெளியூர்னு இப்பத்தானே உங்ககிட்ட சொன்னாரு?"

"அம்மா!" என்று கத்தினான் மேனேஜர்.

"பாத்தீங்களா தம்பி, நல்ல பையன். வேலைக்காரியக்கூட அம்மான்னுதான் கூப்பிடுவான்." துணியை மேடையில் வைத்தாள். "உங்க அம்மாவை ஒரு எட்டு வந்து பாக்குறேன். வெளிய நிக்கிறது உங்க வண்டிதானே? நான் போய் உக்காந்திருக்கேன், மெதுவா அளந்துட்டு வாங்க."

மருமகள் அலமாரியைத் திறந்து மாத்திரைப் பையையும், மூச்சுக்கு உறிஞ்சுகிற மருந்தையும் எடுத்து, மாமியார் கையில் வைத்து விரல்களை மூடினாள். செருப்பையும் அவளே எடுத்துப் போட்டாள்.

"ஏய், எங்க போற? நில்லு! யோவ், நாடாவை விடு, அவளைப் பிடி!" என்று மூலையிலிருந்து கத்தினார் கடைக்காரர். அவசரத்தில் நிமிர்ந்ததில் தலை பீரோவில் இடித்தது. கால் உடைந்த மேசை ஒன்று சரிந்து அவருக்கும் கதவுக்கும் நடுவே குறுக்கே விழுந்தது. தேக்கு என்று சொல்லி யார் தலையிலும் கட்ட முடியாமல் போன மேசை.

"அசையாதீங்க சார், அளவு தப்பிடும்," என்றான் டைக்காரன்.

வாசல் பக்கத்தில் இருமல் கேட்டது. அப்புறம் வண்டிக் கதவு சாத்துகிற சத்தம். அப்புறம் ஒன்றும் இல்லை. கடைக்காரர் நாடாவின் முனையைச் சுவரில் அழுத்தியபடியே நின்றார்.